புல்வெளிக்குக் கீழே

பெருமழை வரும் நேரத்தில் புல்லுக்கு உரம் போடக்கூடாது. இது எனக்கு முன்பே தெரியும், இன்ஸ்பெக்டர் தனேஷ்.

தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி, கடலைப் பார்த்த சரிவில் இருக்கிறது. நிர்வாகக் குழுத் தலைவி நான். தோட்டப் போட்டிக்கு நடுவர்கள் வரவிருந்தார்கள். புல்லோ மஞ்சளடித்துக் கிடந்தது. வானம் கறுத்திருந்தும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு உரம் தூவச் சொன்னேன். அன்று மாலையே கொட்டிய மழை, பாதியை வடிகால் வழியாகக் கடலுக்கு இறக்கிவிட்டது. மீதியே போதுமானதாக இருந்தது. புல் நன்றாக வந்தது.

சில நாள்களில் கீழே பாசி பெருகி, தண்ணீர் துரு நிறமானது. மீன்கள் செத்து ஒதுங்கின. காலை நடைக்குப் போனபோது பாறையிடுக்கில் ஒரு நீர்நாய் இறந்து கிடந்தது. வாயருகே உடைந்த சிப்பிகள். நான் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பாசியிலிருந்து சிப்பிக்குள் ஏறும், சமைத்தாலும் போகாத நஞ்சு அது என்று புரிந்தது. நீர்நாயைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். மற்றவர்கள் பார்த்துப் பதறவேண்டாம் என்றுதான்.

எங்கள் காவலாளி சுகுமாரன் அந்தப் பாறைகளில்தான் சிப்பி எடுப்பார். அன்றும் ஒரு வாளி நிறைய எடுத்துவந்து, வாசலில் என்னை நிறுத்தினார்.

"டீச்சர், தண்ணி ஒரு மாதிரியா இருக்குலா. இத சாப்பிடலாமா? இல்ல, மீன்வள ஆபீசுக்கு போன் பண்ணிக் கேக்கவா?"

கேட்டால் அவர்கள் வருவார்கள். வடிகாலின் தடம் பிடித்து மேலே எங்கள் புல்வெளிவரை வந்துவிடுவார்கள். நடுவர்கள் வருவதோ மறுநாள்.

"எதுக்கு தம்பி? நேத்து நானே சாப்பிட்டேன். நல்லாதான் இருந்துச்சு."

அவர் முகம் தெளிந்தது. "டீச்சரே சொன்னப்புறம் என்ன," என்று எனக்கும் இரண்டு பிடி பையில் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். மறுத்தால் ஏன் என்று யோசிப்பார். வீட்டுக்கு வந்து அப்படியே கொட்டிவிட்டேன்.

அவர் மனைவி தனுஜா அதை மிளகாய்ச் சம்பலில் பிரட்டி, கணவருக்கு ஒரு பங்கை எடுத்துவைத்துவிட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். முதலில் உதடு மரத்ததாம். பிறகு கைகால். ஆஸ்பத்திரி வாசலில் மூச்சு நின்றுபோனது.

அங்கிருந்தே சுகுமாரன் எனக்கு போன் செய்தார். அழுகையில் பேச்சு சரியாக வரவில்லை.

"டீச்சர், நான் குடுத்தத சாப்பிட்டுட்டீங்களா? சாப்பிடாதீங்க டீச்சர்."

"சாப்பிடலை தம்பி," என்றேன்.

போனில் அவர் கேட்டபோது நான் உண்மையைத்தான் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.