காவிரி மேல் போன கூரை

ரயில் ஜீயபுரத்தில் நின்றிருந்தது. வாழையிலைக் கட்டோடு ஏறிய அம்மாளிடம், என் எதிரே இருந்த இளம்பெண் சொன்னாள்: "எங்க கூரை பறந்து போனது பார்க்க அழகா இருந்துச்சுக்கா."

"எந்த ஊரும்மா நீ?"

"அக்கரையில, தொட்டியம் பக்கம். சுழிக்காத்து வாழையெல்லாம் சாய்ச்சிடுச்சு. கூரை மட்டும் கொக்காட்டம் காவிரி மேல மெதுவாப் போச்சு. பயப்படவே தோணலை."

"சாப்பாட்டுக்கு?"

"தெருவுக்கே ஒரே உலைதான். விழுந்த மரத்துத் தண்டும் பூவும் கறி. அது தீர்ந்தா ஊரே கலைஞ்சிடும். எங்க வீட்டுக்காரர் திருச்சியில மூட்டை தூக்கறார். இனி நானும் அங்கதான்."

ரயில் நகர்ந்தது. கரிப்புகைக்கு நடுவே வாழைத் தோட்டங்கள் பச்சையாக மிதந்து போயின. அந்த அம்மாள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் எங்க தெருக்காரங்க தோட்டம். பக்கக்கன்னு நிறைய நிக்குது. வண்டியில ஏத்தி, பரிசல்ல அக்கரை சேர்த்துடறோம். கூரைக்குக் கீத்தும் தரோம், வேய ஆளும் வருவாங்க. ஆனா நீங்க கலைஞ்சு போயிட்டா யாரும்மா நடறது?"

திருச்சி கோட்டை ஸ்டேஷனில் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிய இளம்பெண், ஜன்னலருகே வந்து நின்றாள்.

"அவரைக் கூட்டிக்கிட்டு வந்துடறேன்க்கா. திரும்பிப் போற ரயில் எப்ப?"