என்ன முறை வேணும்?

அம்மா: சித்தின்னா சொன்னா?

அப்பா: மெதுவாப் பேசு. கோர்ட் வராந்தா இது.

அம்மா: வக்கீல் வேற யார் கேஸையாவது மாத்தி…

அப்பா: நம்ம கேஸ்தான். ஜட்ஜம்மா குட்டியைத் தனியாக் கூப்பிட்டு, "வெளிய உட்கார்ந்திருக்காங்களே, அவங்க உனக்கு என்ன முறை வேணும்?"னு கேட்டிருக்காங்க. இவ பட்டுனு சித்தின்னுட்டாளாம்.

அம்மா: ஐயோ…

அப்பா: நீ சொல்லிக் குடுத்ததுதானே?

அம்மா: அது ஏர்போர்ட்டுக்கு! மகள்னா தத்தெடுத்த பேப்பரைக் கேப்பாங்க, அவ பொறந்த நாட்டுப் பேப்பர் இங்க செல்லாது, அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்கன்னு… நீங்களும்தானே தலையாட்டினீங்க!

அப்பா: ஆட்டினேன். இல்லேங்கல.

அம்மா: வீட்டுக்கு வந்த அன்னிக்கே மாத்திச் சொல்லிக் குடுத்துட்டேனே. அதுலேர்ந்து வாய் ஓயாம அம்மா, அம்மாதான். காலைலகூட…

அப்பா: உன் பொண்ணாச்சே. ஞாபக சக்தி ஜாஸ்தி.

அம்மா: கிண்டலா?

அப்பா: அழுகை வருதுடி. அதான் எதையோ உளர்றேன்.

அம்மா: …சரி, ஜட்ஜம்மா என்னதான் சொன்னாங்க?

அப்பா: சித்தி வீட்டுக்கு வந்த விருந்தாளிப் பிள்ளையாம். அதோட வீடு அந்த நாடுதானாம். அதனால இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்ல, அங்க போய்க் கேஸ் போடுங்க…

அம்மா: இவ நம்ம பொண்ணுன்னு இங்கேயே ஒரு ஆர்டர் வாங்கத்தானே வந்தோம்?

அப்பா: இப்ப விசா முடியறதுக்குள்ள அவளை அங்க அனுப்பணும்.

அம்மா: யார்கிட்ட? மறுபடி அந்த அனாதை ஹோமுக்கா? நான் விட…

அப்பா: உஷ்! வர்றா. முகத்தைத் துடை.

குட்டி: அம்மா, அந்தக் குழாய்ல தண்ணியே வரல. வெறும் காத்துதான் வருது.

அப்பா: குட்டி… லீவுக்கு ஃப்ளைட்ல எங்கயாவது போலாமா?

குட்டி: உங்களுக்குப் பொய் சொல்லவே வரலப்பா.

அப்பா: இல்லடா, நிஜமாத்தான்…

குட்டி: ஹோமுக்குத்தானே?

அம்மா: கண்ணு… உள்ள போனதும் பயந்துட்டியா? அம்மான்னு சொல்லணும்னு மறந்துட்டியா?

குட்டி: மறக்கல.

அம்மா: பின்ன ஏன்டி அப்படி…

குட்டி: திட்டக் கூடாது.

அம்மா: திட்டல. சொல்லு.

குட்டி: வக்கீல் மாமா அப்பாகிட்ட போன்ல சொன்னாரு… ஏர்போர்ட்ல பொய் சொன்னது தெரிஞ்சா அம்மாவை ஜெயில்ல போட்டுடுவாங்கன்னு. நான் தூங்கற மாதிரி படுத்திருந்தேன்.

அம்மா: என்னங்க இது? என்கிட்ட சொல்லவே இல்லையே!

அப்பா: சொன்னா நீ… எப்படிச் சொல்றது, சொல்லு…

குட்டி: அழாதம்மா. எனக்கு ஹோம் பழகின இடம்தானே… உனக்குத்தான் ஜெயிலெல்லாம் பழக்கமே இல்லையே.