சம்பந்தி வருவதற்குள்

மாமனார்: இப்பப் பாரும்மா. மாடியிலேர்ந்து திறந்து விட்டாச்சு. கீழே தெரியுதா?

மருமகள்: தெரியுது மாமா.

மாமனார்: அப்படிப் போடு! பேத்தி படம்தானே?

மருமகள்: இல்லை... 'அனுமதி மறுக்கப்பட்டது'ன்னு தெரியுது.

மாமனார்: ...அதுவும் நல்லதுதான். பாதுகாப்பு பலமா இருக்குன்னு அர்த்தம்.

மருமகள்: அப்பா பஸ்ஸை விட்டு இறங்கிட்டாராம். இப்பத்தான் ஃபோன் பண்ணார்.

மாமனார்: இறங்கட்டுமே! போன மாசம் அவர் வீட்டுல என்ன அலட்டல்! 'படமெல்லாம் உள் அறை கம்ப்யூட்டர்ல இருக்கு, இங்கே கூடத்துல தெரியுது பாருங்க சம்பந்தி'ன்னு... மின்சாரத்தையே அவர்தான் கண்டுபிடிச்ச மாதிரி. அதுக்காகத்தானே நானும் மாடியில ஒண்ணு, கீழே ஒண்ணுன்னு ரெண்டு கம்ப்யூட்டர்லயும் விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டேன்.

மருமகள்: நீங்க மட்டும் சும்மாவா வந்தீங்க? 'எங்க வீட்டுக்கு வாங்க, மூணு மாடிக்கும் போகும்'னீங்க. நமக்கு இருக்கிறதே ஒரு மாடி.

மாமனார்: பேச்சு வேகத்துல வந்துடுச்சு... விடு.

மருமகள்: மாமா, அந்த ஃபோல்டரை யார் யார் திறக்கலாம்னு ஒரு இடத்துல கேட்டிருக்குமே... என்ன போட்டீங்க?

மாமனார்: ஒண்ணும் போடலை.

மருமகள்: ஒருத்தர் பேருகூடவா?

மாமனார்: காலம் பூரா தணிக்கை அதிகாரியா இருந்தவன்மா நான். எடுத்த எடுப்புல யாரை நம்பறது?

மருமகள்: என்னை?

மாமனார்: நீ தங்கமான பொண்ணுதான்... இருந்தாலும் விதிமுறைன்னு ஒண்ணு இருக்கே.

மருமகள்: உங்க பேராவது?

மாமனார்: தணிக்கை பண்றவன் தன் பேரைத் தானே எழுதிக்கலாமா? முறையே இல்லை!

மருமகள்: சரி, இப்ப என் பேரைச் சேருங்க. ஒரே வரிதான்.

மாமனார்: சேர்க்கலாம்... பாஸ்வேர்டு கேக்குதே.

மருமகள்: போடுங்க.

மாமனார்: காலையிலதான் மாத்தினேன். யாராலயும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி.

மருமகள்: உங்களாலயுமா?

மாமனார்: ...பாதுகாப்புன்னா அப்படித்தான்.

மருமகள்: ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. படமெல்லாம் என் பென் டிரைவ்லயும் இருக்கு. கீழ் கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன். நீங்க மேலே உக்காந்து எதையாவது தட்டுங்க, நான் இங்கே திறக்கறேன். மாடியிலேர்ந்து வந்த மாதிரியே...

மாமனார்: சீச்சீ! தில்லுமுல்லா? எத்தனை பேரோட தில்லுமுல்லைச் சிவப்பு மையால சுழிச்ச கை இது! 'என்னால முடியலை சம்பந்தி'ன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டுப் போறேன். அதுல என்ன கேவலம்?

மருமகள்: ஒரு கேவலமும் இல்லை மாமா. நல்ல முடிவு... ஆ, வாசல் மணி.

மாமனார்: அதுக்குள்ளயா! ...ஏம்மா.

மருமகள்: சொல்லுங்க.

மாமனார்: அந்த... ஏத்தறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

மருமகள்: ஏத்தியாச்சு.

மாமனார்: எப்ப?

மருமகள்: நீங்க சிவப்பு மையைப் பத்திப் பேசிட்டிருந்தப்ப.

மாமனார்: என்னைக் கேக்காமலா! ...சரி சரி. ஃபோல்டருக்கு 'மாடி சர்வர்'னு பேர் வை. உடனே திறந்துடாதே, கொஞ்சம் திணறித் திணறித் திறக்கட்டும். அப்பத்தான் நம்புவார்... ஏம்மா, உங்கப்பா லேசுப்பட்ட ஆள் இல்லையே. குனிஞ்சு நோண்டிப் பார்த்துட்டார்னா?

மருமகள்: பார்க்க மாட்டார் மாமா. போன மாசம் அங்கே உங்களுக்குக் காட்டினதையும், இதே பென் டிரைவ்லேர்ந்து நான்தான் ஏத்திக் கொடுத்தேன்.