வெர்லின் குழிக்குள் இறங்கிய நாள்

ஒலீட்டா: இன்னும் ஒரு தடவை கதவைத் தள்ளிப் பாரேன்.

வெர்லின்: தள்ளிட்டேன். அசையல. மேல ஏதோ விழுந்து கிடக்கு... பெக்கான் மரமா இருக்கும்.

ஒலீட்டா: மரமா, வீடா?

வெர்லின்: ...மரம்தான்.

ஒலீட்டா: சுழல்காத்து தலைக்கு மேல போயி எவ்வளவு நேரமாச்சு?

வெர்லின்: அரை மணி இருக்கும். அந்த ஹெல்மெட்டைக் கழட்டேன். பேஸ்பால் ஆட வந்தவ மாதிரி உக்காந்திருக்க.

ஒலீட்டா: இருக்கட்டும். போடுன்னு டிவியில சொன்னான், போட்டுக்கிட்டேன். நீதான் யார் சொன்னாலும் கேக்கமாட்டியே. ஊரே இந்த மாதிரிப் புயல் குழிக்குள்ள பதுங்கினாலும் நீ தாழ்வாரத்துல நின்னு வானத்தைப் பாப்ப.

வெர்லின்: வருஷா வருஷம் சுழல்காத்து அடிக்கிற ஒக்லஹோமாவுல பொறந்தவன் வேற எங்க நிப்பான்? எங்கப்பாவும் அப்படித்தான் நின்னாரு.

ஒலீட்டா: கையில காபியோட.

வெர்லின்: ஆமா... காபியோட.

ஒலீட்டா: அப்ப இன்னிக்கு மட்டும் ஏன் என் பின்னாலயே ஓடி வந்த?

வெர்லின்: ...நீ கத்தல.

ஒலீட்டா: என்னது?

வெர்லின்: கல்யாணமாகி முப்பத்தோரு வருஷமா, அபாயச் சங்கு ஊதினா "வெர்லின், உள்ள வா"ன்னு கத்துவ. இன்னிக்குப் பேசாம டார்ச்சை எடுத்துக்கிட்டு நடந்துட்ட. திரும்பிக்கூடப் பாக்கல. நானும் பின்னாலயே வந்துட்டேன்.

ஒலீட்டா: நேத்துலேருந்து தொண்டை கட்டிக்கிச்சு. கத்த முடியல.

வெர்லின்: அவ்வளவுதானா!

ஒலீட்டா: அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல அதுக்குத்தான் முதல் நன்றி சொல்லப்போறேன்.

வெர்லின்: முதல்ல உயிரோட வெளியே போவோம்...

ஒலீட்டா: போவோம். தீயணைப்பு நிலையத்துலதான் யார் வீட்டுக் குழி எங்க இருக்குன்னு எழுதி வச்சிருக்காங்களே. ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டே வருவாங்க. நம்ம குழி விவரம் எழுதின தாளைக் கொண்டு போய்க் குடுத்துட்டேன்னு நீதானே சொன்ன?

வெர்லின்: தண்ணி குடிக்கிறியா?

ஒலீட்டா: குடுத்தியா, இல்லியா?

வெர்லின்: குடுக்கல.

ஒலீட்டா: ம்.

வெர்லின்: பிக்கப் வண்டியில டேஷ்போர்டுக்குள்ள போட்டேன்... அங்கேயே கிடக்கும். பயந்தாங்கொள்ளிங்க லிஸ்ட்டுல என் பேரான்னு... தீயணைப்புல வேலை செய்யற அந்த டாரெல் பய பாத்தா ஸ்டேஷன் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்னு... திட்டேன், ஒலீட்டா.

ஒலீட்டா: தொண்டை கட்டியிருக்குன்னேனே.

வெர்லின்: விளையாடாத. கொல்லைப்பக்கம் புல்லு மூடின குழி. மேல மரம் வேற. நாம இங்க இருக்கிறது யாருக்குத் தெரியும்? உன்னை நான்தான் இப்படி... மூச்சு விட முடியுதில்ல?

ஒலீட்டா: முடியுது. கையைக் குடு. ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கு!

வெர்லின்: உனக்குப் பயமா இல்லியா? ஒரு மேகம் கறுத்தாலே நடுங்குவ. உனக்கு உன் உயிர் அவ்வளவு வெல்லக்கட்டின்னு நான்கூடக் கிண்டல் பண்ணுவேன்...

ஒலீட்டா: பண்ணுவ. இன்னிக்குப் பயமே வரல.

வெர்லின்: ஷ்ஷ்... கேக்குதா? ரம்பம்! மரம் அறுக்கிற சத்தம்!

டாரெலின் குரல்: ஒலீட்டாம்மா! உள்ளே இருக்கீங்களா?

வெர்லின்: இருக்கோம்! ரெண்டு பேரும் இருக்கோம்! டாரெல், தம்பி, என் ராசா, இங்கதான்!

டாரெலின் குரல்: வெர்லின் ஐயாவும் உள்ளேயா? டேய், நிறுத்துங்கடா தேடறத! இவரு இங்க இருக்காரு!

வெர்லின்: இந்தக் குழி உனக்கு எப்படித் தெரியும்?

டாரெலின் குரல்: தாள்ல இருக்கே. அம்மாதானே மார்ச்சுல கொண்டு வந்து குடுத்தாங்க.

வெர்லின்: ஒலீட்டா! அப்ப... இவ்வளவு நேரம்...

ஒலீட்டா: வண்டியில டயர் ரசீதைத் தேடினேன், தாள் அகப்பட்டுது. நீயா என்னிக்குச் சொல்லுவன்னு பாத்தேன். சொல்லிட்ட.

வெர்லின்: ...நல்லா இருப்ப நீ. டேய் டாரெல், இடம் தெரிஞ்சும் ஏண்டா அரை மணி?

டாரெலின் குரல்: கோவிச்சுக்காதீங்கய்யா. அம்மா அந்தத் தாள்ல எழுதினபடிதான் செஞ்சோம். "நான் குழிக்குள் பத்திரமாக இருப்பேன். என்னை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் முன்பக்கத் தாழ்வாரத்தில் நிற்பார். அவரை முதலில் தேடுங்கள்." அரை மணியா அங்கதான்யா தேடிக்கிட்டிருந்தோம்... தாழ்வாரம் இருந்த இடத்துல.