நாற்பத்தோராம் பக்கம்

பாவித்த குடுவையைப் பாவித்தவரே கழுவி வைக்க வேண்டும். முப்பது வருடம் இரசாயனம் படிப்பித்ததில் நான் கண்ட முதல் உண்மை இதுதான். சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் கண்டியில் எங்கள் ஆய்வுகூடத்தில் பிழையாய்ப்போன பரிசோதனைகளில் பாதி, யாரோ கழுவாமல் விட்ட குடுவையால் பிழையானவை.

அடுத்தது குறிப்பேடு. பேனாவால் எழுத வேண்டும், திகதி போட வேண்டும், எழுதியதை அழிக்கக்கூடாது. மேற்பார்வையாளர் அதில் கைவைக்கவே கூடாது. இந்தக் கடைசி விதியில் நான் மிகக் கண்டிப்பு. நீங்கள் லெட்சுமணனைப் பற்றிக் கேட்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

லெட்சுமணன் இங்கே கண்டியிலேயே, மஹய்யாவப் பக்கத்துப் பிள்ளை. தகப்பன் இருளப்பன் நகரசபைத் தொழிலாளி. பள்ளிக்கூடத்தில் தமிழில் விஞ்ஞானப் பிரிவு இல்லாததால் சிங்களத்தில் படித்து, பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் தேறியவன். முதுமாணி ஆய்வுக்கு என்னிடம் வந்தபோது, "குறிப்பைத் தமிழில எழுதும். எங்கட மொழியிலயும் இரசாயனம் இருக்கட்டும்" என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எழுதுறேன் சேர். பிழை வந்தா திட்டக்கூடாது."

நான் ஒருநாளும் திட்டவில்லை.

பிழை வந்தது. சிங்களத்தில் எழுதிப் பழகியவனுக்கு லகரமும் ளகரமும் ஒன்றாகவே கேட்டன. எங்கள் ஆய்வோ புளியங்கொட்டைத் தூளைக் கொண்டு கிணற்றுத் தண்ணீரிலிருந்து புளோரைட்டை நீக்குவது. 'புளி' வரவேண்டிய இடமெல்லாம் அவன் 'புலி' என்று எழுதினான். முதல் கிழமையே கண்டேன். தனியே இருந்து சிரித்தேன். விதி விதிதான், திருத்தவில்லை.

அந்த முறையைக் கண்டுபிடித்தவன் நான். எண்பத்தெட்டில் வெளிவந்த கட்டுரையில், தொண்ணூறு வீதம் புளோரைட்டு நீங்கும் என்று எழுதியிருந்தேன். பேராசிரியர் பதவி அதனால் வந்தது. லெட்சுமணன் மூன்று முறை செய்து பார்த்தான். மூன்று முறையும் முப்பது வீதம்.

"நான்தான் எங்கயோ பிழை விடுறேன் போல சேர். கொட்டைய நைத்திரிக்கமிலத்துல ஊறவச்சு இன்னொருக்கா பாக்குறேன்" என்றான்.

நல்ல பிள்ளை. பிழை அவனிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். என்னுடைய தொண்ணூறு எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். நான்காவது தடவையும் முப்பது வந்தால் அவன் அதை ஆய்வேட்டில் எழுதுவான், என் பெயர் நாறும். எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

தொண்ணூற்றாறில், கொழும்பில் குண்டு வெடித்த அடுத்த கிழமை, அமிலம் வைத்திருக்கும் இடங்களைச் சோதிக்கப் பொலிஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் மரியாதையானவர்; சப்பாத்தைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். லெட்சுமணனின் குறிப்பேட்டில் நாற்பத்தோராம் பக்கத்தைக் காட்டி, சிங்களத்தில் சொல்லச் சொன்னார். இருந்ததை இருந்தபடியே சொன்னேன்: "கெலிஓயா மர்சூக் கடைக்குப் புதுப் புலி வந்திருக்கிறது. நாளை நைத்திரிக்கமிலம் சேர்க்க வேண்டும்." ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அன்றே அவனைக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார்.

"பெடியன் இதைச் சியம்பலா என்கிறான், சேர். கடைக்கார மர்சூக்கும் அதையேதான் சொல்கிறார். இரண்டு பேரும் பேசிவைத்தார்களோ தெரியாது. நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்."

சியம்பலா என்றால் சிங்களத்தில் புளி. நான் ஒரு தாளில் இரண்டு எழுத்துகளையும் எழுதிக் காட்டினேன். "சியம்பலாவுக்குத் தமிழில் வேறு எழுத்து" என்றேன். அது உண்மை. அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் கவலைப்பட்டவர் போலத்தான் தெரிந்தார்.

இருளப்பன் மறுநாள் வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"சேர், அவன் புளியத்தான் எழுதியிருப்பான். நீங்க ஒரு கடிதம் குடுத்தா விட்டுருவாங்களாம். ஒங்க கையெழுத்து ஒண்ணு போதும் சேர்."

"ஐயா, எழுதினதுக்கு மாறா நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?" என்றேன். தேத்தண்ணி வரவழைத்தேன். குடிக்காமலே போனார். அது எனக்கு வருத்தம்தான்.

லெட்சுமணன் தடுப்புக்காவலில் ஏழு மாதம் இருந்து இறந்தான். நியுமோனியா என்று எழுதியிருந்தார்கள். பெட்டியைத் திறக்க விடவில்லை என்று கேள்வி.

நீங்கள் நேரே கேட்டதற்கு நேரே பதில் சொல்கிறேன். ஓம், அது புளி என்று எனக்குத் தெரியும். மர்சூக் கடையில் போய் வாங்கி வாரும் என்று அவனை அனுப்பியதே நான்தான். ஆனால் மொழிபெயர்ப்பில் பிழை கிடையாது. தமிழ் தெரிந்த யாரிடமும் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.