சவப்பெட்டியின் தலைமாடு

தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"அப்பாவ சவப்பெட்டியில வச்சிருக்கும்போ நான் மதினியத் தள்ளிவிட்டேம்லா, அது சினிமாவுல வந்துட்டு."

"ஏட்டி, ஆரு எடுத்தா?"

"மதினிக்க மவன்தான். அடக்கத்துக்கு முன்ன போட்டோ எடுக்கும்போ, தலைமாட்டுல ஆரு நிக்கதுன்னு ஒரு குடும்பமே இடிச்சுத் தள்ளுது. கடைசியில பெட்டி சரிஞ்சு போவுது. தியேட்டர் முழுக்க ஒரே சிரிப்பு."

"நீ எந்திச்சு வந்துட்டியா?"

"எங்க வர? நானும் சிரிச்சேன். பக்கத்துல இருந்த ஒருத்தி, 'இப்படியும் மனுசங்க உண்டுமா?'ன்னு கேட்டா. 'சும்மா கதைக்கு எழுதுகதுதான்'னு சொன்னேன்."

"மதினி கேக்கலியா?"

"எனக்க அந்தப் பக்கம்தான் இருந்தா. 'ஆமா, எனக்க மவன் சும்மா எழுதினது'ன்னு அவளும் சொல்லிட்டா, மக்கா."