சிவப்புக் காரில் ஒரு குறையும் இல்லை

பயப்படாமல் வாங்குங்கள். காரில் ஒரு குறையும் இல்லை. பற்றரி ஏன் அடிக்கடி செத்துப்போகிறது என்று கனகரத்தினத்தாரிடம் கேட்டிருப்பீர்கள். காருக்குத் தோஷம் என்று சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லும் மனிதர் அல்லர். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வாங்க வந்தவருக்கு உண்மையைச் சொல்லிவிடுவது முறை என்பதால் நான் சொல்கிறேன்.

நான் இங்கே உடுப்பிட்டியில் பள்ளிக்கூட ஆசிரியன். கனகரத்தினத்தாரின் இந்த வீட்டு முன்னறையில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். வாசிப்பவன். அதிகம் கதைக்காதவன்.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டில், சீமைக்குத் திரும்பிப் போகவிருந்த ஒரு தோட்டத்துத் துரையிடம் கனகரத்தினத்தார் இந்தக் காரை வாங்கினார். இரண்டே ஆசனம். மணிக்கு நூறு மைல் ஓடுமாம். நல்ல காரியத்துக்கு மட்டுந்தான் எடுப்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். இந்த வீட்டில் நடக்கவேண்டியிருந்த நல்ல காரியம் ஒன்றுதான், அவருடைய தங்கை பத்மாசினியின் கலியாணம். சம்பந்தம் பேசப் போகையில் அவரும் தரகர் ஆழ்வாப்பிள்ளையும் ஏறினால் கார் நிறைந்துவிடும்.

முதல் தரம் சுபநேரம் பார்த்து ஏறித் திறப்பைத் திருகினார்கள். உள்ளே 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

"பல்லி சொல்லுது," என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"காருக்குள்ளை பல்லி எங்காலை?"

"எங்கையிருந்து சொன்னால் என்ன, சொன்னது சொன்னதுதானே."

கனகரத்தினத்தார் இறங்கி உள்ளே போய் இருந்து, தண்ணீர் குடித்து, மறுபடி வந்து திருகினார். மறுபடியும் 'டிக்'. அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது. வாடகைக் கார் பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். சகுனம் சொன்ன பிறகு எந்தக் காரில் போனால் என்ன? தள்ளி ஓடவைக்கலாமே என்று நானே ஒருமுறை சொன்னேன். "தள்ளிக்கொண்டு போற சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம், மாஸ்டர்," என்றார்.

குருநகரில் படகு எஞ்சின் திருத்தும் நீக்கிலாப்பிள்ளையை வரவழைத்தார்கள். அவர் டைனமோவை மாற்றினார், வயர்களை மாற்றினார், மூன்று பற்றரி மாற்றினார். ஒவ்வொரு பயணத்துக்கும் முதல்நாள் காலையில் பற்றரியைச் சார்ஜ் பண்ணிக் கொண்டுவந்து பூட்டுவார். அடுத்தநாள் அது செத்திருக்கும்.

"ஐயா, உதுக்குள்ளை இருந்து ஆரோ கரண்டைக் குடிக்கினம்," என்றார். "கிழமைக்கு ஒருக்காத் தொண்டைமானாறு மட்டும் ஓடிப்போட்டு வாங்கோவன். பற்றரி தன்ரை பாட்டிலை நிரம்பும்."

"சம்பந்தம் பேசப் போற காரிலை மீன் வாங்கப் போகச் சொல்லுறீரோ?"

"அப்ப ஓடாத நாளிலை வயரைக் கழட்டி வையுங்கோ."

காரோடு வந்த ஆங்கிலக் கையேட்டை வாசிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். ஆகையால் கராஜ் திறப்பு முதலிலிருந்தே என்னிடந்தான் இருந்தது, இப்போது அந்த வேலையும் வந்தது. வயரை ஒழுங்காகக் கழற்றினேன். வாசிக்கும்போது மட்டும் பூட்டினேன்.

கராஜுக்குள் இருந்து வாசிப்பது என் வழக்கம். முன்னறையில் வானொலிச் சத்தம். கராஜ் கதவைச் சாத்தினால் நடுப்பகலிலும் இருட்டு, நல்ல அமைதி. காரில் இருந்து முன்விளக்கைப் போட்டால், வெள்ளையடித்த சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணுக்கு இதமாக இருக்கும். புதிதாகச் சார்ஜ் பண்ணிய பற்றரியில்தான் அந்த வெளிச்சம் தெளிவாக வரும். அதனால்தான் பயணத்துக்கு முதல்நாள் பின்னேரங்களில் வாசித்தேன். வேறு காரணம் கிடையாது.

நாலு மணிக்குப் பத்மாசினி என் யன்னல் விளிம்பில் தேநீர் கொண்டுவந்து வைப்பாள். எலுமிச்சை மரத்தடியில் ஒரு நிமிடம் நிற்பாள். நாங்கள் கதைப்பதில்லை. கதைக்காமல் ஒருவரை அறிவது எப்படி என்று அந்த ஒரு நிமிடத்தில்தான் கற்றேன். அதற்காக நாலு மணிக்குக் கராஜிலிருந்து வெளியே வருவேன். விளக்கை அணைப்பதில்லை, திரும்பிப் போகத்தானே போகிறேன். நான் வந்த வருடம் அவளுக்கு இருபத்துநாலு வயது. இப்போது முப்பத்துமூன்று. ஏழு சம்பந்தங்கள் வந்தன. ஒன்பது வருடத்தில் கார் படலையைத் தாண்டியது ஒரே ஒரு தரம், தோஷம் கழியச் செல்வச்சந்நிதியில் தேங்காய் உடைக்க. அன்றைக்கு மட்டும் நன்றாக ஓடியது.

எட்டாவது சம்பந்தம் சோமசேகரம். சாவகச்சேரித் தபால் கந்தோரில் வேலை. பயணத்துக்கு முதல்நாள் மத்தியானம், தேநீருக்கு இன்னும் நேரம் இருக்கையில், பத்மாசினி கராஜ் வாசலுக்கு வந்தாள்.

"மாஸ்டர், நாளைக்குக் கார் ஓடவேணும்."

ஒன்பது வருடத்தில் அவள் என்னோடு கதைத்த முதல் வார்த்தை அது.

"அவரை எனக்குப் பிடிச்சிருக்கு. சித்தி வீட்டை போகேக்கை கண்டிருக்கிறன். அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ. உங்களிட்டைத்தானே திறப்பு இருக்கு, ஒருக்காப் பாருங்கோ."

"ஓம்," என்றேன்.

அவள் சிரித்தாள். அவளுக்கு முன்பல் சற்றே விலகியிருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை 'டிக்' என்றது. கனகரத்தினத்தார் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மறுபடியும் 'டிக்'. "எட்டாம் தரமும் சொல்லிப்போட்டுது," என்று ஆழ்வாப்பிள்ளை சாதகக் குறிப்பை மடித்து மடிக்குள் செருகினார். பத்மாசினி கிணற்றடியில் நின்றாள். அவள் காரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

சோமசேகரத்துக்கு ஆவணியில் வேறிடத்தில் கலியாணம் நடந்தது. அதற்குப் பிறகும் நாலு மணிக்குத் தேநீர் வருகிறது. வைத்துவிட்டுப் போய்விடுகிறாள், நிற்பதில்லை. அதுவும் ஒரு வகை மௌனம்தான், பழகிக்கொள்ளலாம்.

காரைக் கொண்டுபோனால் கிழமைக்கு ஒருமுறை ஓடுங்கள், ஒரு கரைச்சலும் வராது. நான் யாருக்கும் தீங்கு நினைத்ததில்லை. வாசிக்க வெளிச்சம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்தக் கடைசிப் பின்னேரம் என்ன வாசித்தேன் என்று கேட்கிறீர்கள். அவள் வந்து சொல்லிவிட்டுப் போனபின் வயரைப் பூட்டி, விளக்கைப் போட்டு, ஆறு மணிவரை சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அன்றைக்கு நான் புத்தகம் கொண்டுபோகவில்லை.